வாசல் திரும்பிய வீடு

மகபாங் ஊர், சிகாய் தீவு
1997 அக்டோபர் 12, ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தைக்கு,

செலி எழுதுகிறேன். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்குமோ தெரியாது. நீங்கள் டவுனுக்குப் போன மறுநாளே, "இனிமே அந்தப் பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது நானும் அவரும்தான். ஆக, யாரும் என்றால் நான்தான்.

உங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்பா ராத்திரி ரோந்து போகும்போது, உங்கள் கோழியை அடைக்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்லிக் கீழே இறங்கி வந்தேன். வெளிச்சம் தெரியாமல் இருக்க ஜன்னலில் உங்கள் பழைய போர்வையைக் கட்டியிருக்கிறேன். கடல் தரைக்கு அடியிலேயே வந்து மூச்சு விடுவது போல இருக்கிறது. மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தால் கீழே தண்ணீர் மினுங்குகிறது. நீங்கள் இருக்கும்போது அங்கே மணல்தான் இருந்தது. முன்னால் நின்ற இரண்டு தென்னை மரங்களும் போன மாதம் விழுந்துவிட்டன. இனி கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மூங்கில் வீடுதானே, ஊரார் தோளில் தூக்கி மேட்டில் வைக்காவிட்டால் இந்த வருஷம் தாங்காது என்று படகுக்காரர் இலாரியோ சொல்கிறார்.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வேறொன்று கேட்க வேண்டும்.

என் கைமேல் உங்களுக்குக் கோபமா?

மே மாதம் நகராட்சி அலுவலகத்தில் நடந்தது தினமும் ஞாபகம் வருகிறது. அக்காவும் தம்பியும் ஒரே ஊர்த் தலைவர் பதவிக்கு எதிரெதிராக நிற்கிறார்களே என்று டவுனே சிரித்தது. எண்ணி முடித்தபோது இரண்டு பேருக்கும் ஒரே அளவு ஓட்டு. சட்டப்படி சீட்டுக் குலுக்க வேண்டும் என்று தேர்தல் அதிகாரி தன் ஓலைத் தொப்பியைக் கழற்றி, இரண்டு காகிதத்தைச் சுருட்டிப் போட்டார். யார் எடுப்பது என்று கேட்டார். நீங்களும் அப்பாவும் ஒரே நேரத்தில் "செலி எடுக்கட்டும்" என்றீர்கள். அந்த வருஷம் நீங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நான் எடுத்தேன். அப்பா பெயர் வந்தது. அப்பா ஊருக்குத் தலைவராகி, கப்பித்தான் ஆனார். நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

பள்ளிக்கூடத்தில் நிம்ஃபா என்னை "சீட்டு" என்றுதான் கூப்பிடுகிறாள். "ஏ சீட்டு, எனக்கு ஒரு மிட்டாய் எடுத்துக் குடு." அவள் அப்பா காவுதென்சியோ தேர்தலில் உங்கள் பக்கத்து ஆள் ஆயிற்றே. நான் வேண்டுமென்று எடுக்கவில்லை அத்தை. இரண்டு சுருளும் ஒரே மாதிரிதான் இருந்தன.

அம்மாவிடம் கேட்கலாம் என்றால், "பெரியவங்க சண்டையில நீ தலையிடாதே" என்று வேலைக்குப் போன ஹாங்காங்கிலிருந்து எழுதுகிறாள்.

இலாரியோ நாளைக் காலைப் படகில் இதைக் கொண்டுவருவார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

உங்கள்,
செலி


சான் ரோமுவால்தோ டவுன்
அக்டோபர் 18

செலி,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். இங்கே சந்தைக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறேன். அந்தப் பானையை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

உன் கைமேல் எனக்கு என்ன கோபம்? அந்தக் கைக்குப் பத்து வருஷம் நகம் வெட்டிவிட்டவள் நான். தொப்பிக்குள் போனது உன் கை. அதற்கப்புறம் நடந்தது எதுவும் உன் கை செய்ததல்ல. இனி இந்தக் கேள்வியைக் கேட்காதே, எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கேட்டதால் சொல்கிறேன். தோற்றதற்காக நான் ஊரைவிட்டு வரவில்லை. மகபாங்கில் பாதிப் பேர் எனக்குப் போட்டார்கள். அதுவே எனக்கு அதிகம். அன்று காலை டவுனுக்குக் கிளம்பும் முன்னால் என் சிவப்புச் சேவலை அடித்து, இஞ்சியும் பச்சைப் பப்பாளியும் போட்டுக் குழம்பு வைத்து மூடிவிட்டு வந்தேன். யார் ஜெயித்தாலும் ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று. உன் அப்பாவுக்கு அந்தக் குழம்பு என்றால் சின்ன வயசிலிருந்தே உயிர். படகில் ஏறும்போதே அவனிடம் சொன்னேன், "க்ரிசாந்தோ, எது வந்தாலும் ராத்திரி நம்ம வீட்டுல சாப்பாடு." சரி என்று தலையாட்டினான்.

ராத்திரி என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். அவனுடைய ஆட்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு என் வாசல் வழியாக ஊர்வலம் போனார்கள். நடுவில் அவன் மாலை போட்டுக்கொண்டு நடந்தான். என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. குழம்பை மறுநாள் பன்றிக்கு ஊற்றினேன்.

வீடு விழட்டும். என் அப்பா கட்டியது, என்னோடு போகட்டும். கப்பித்தானுக்கு ஊர்க் கவலை ஆயிரம் இருக்கும்.

படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூண் எப்படி இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன்.

ராத்திரியில் அங்கே போகாதே. போனால் செருப்புப் போட்டுக்கொண்டு போ.

அத்தை


மகபாங்
நவம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது. நிம்ஃபா "சீட்டு" என்று கூப்பிட்டால் இப்போது "என்ன?" என்று திரும்பிப் பார்க்கிறேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூணின் அடி வெளியே தெரிகிறது. நான் உள்ளே நடந்தால் வீடு லேசாக ஆடுகிறது.

கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் டவுனுக்கு வந்தோம். நீங்கள் அதிகாலையிலேயே வந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். தாத்தா பாட்டி கல்லறையில் இலையில் மடித்த ஒட்டரிசிப் பலகாரம் இருந்தது. அந்த மடிப்பு உங்கள் மடிப்பு. அப்பாவும் பார்த்தார். நீங்கள் ஏற்றிய மெழுகுவத்தி காற்றில் சாய்ந்திருந்தது. அப்பா இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதை நிமிர்த்தி, அடியில் மண்ணை அணைத்து வைத்தார். நான் செபம் சொல்வது போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நேற்று ஊர் மண்டபத்தில் எங்கள் டீச்சர் அப்பாவிடம் பேச்சுவாக்கில் ஆரம்பித்தார்கள். நான் வாசலில் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"கப்பித்தான், கரையில அந்த வீடு இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. ஆளுங்களைக் கூட்டி மேல தூக்கி வெச்சா என்ன?"

"யாரு வீடு?"

"யாரு வீடா? உங்க அக்கா வீடு."

"சொந்தக்காரங்க வாயால சொல்லாம வீட்டைத் தொட முடியுமா டீச்சர்? தொட்டா புகார் வரும். ஊர்ப் புகார் எல்லாம் முதல்ல கப்பித்தான்கிட்டதான் வரணும். அப்புறம் நானே எனக்கு சம்மன் எழுதி, நானே வாங்கிக்கிட்டு, நானே என்னை உக்கார வெச்சு சமாதானம் பேசணும்."

"சமாதானம் ஆயிடுவீங்களா?"

"கஷ்டம். எதிர்த்தரப்பு ரொம்பப் பிடிவாதக்காரன்."

டீச்சர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். டீச்சர் போன பிறகு கரைப் பக்க ஜன்னலருகே நின்றுகொண்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை, அவர் கேட்க மாட்டார். நீங்களும் சொல்ல மாட்டீர்கள். அந்த வீட்டில்தான் நான் நடக்கப் பழகினேன். அது விழுந்துவிட்டால் நீங்கள் திரும்பி வர இடமே இருக்காது. எனக்கு அதுதான் பயம். ராத்திரி தண்ணீர்ச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

எனக்காக ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள்.

செலி


டவுன்
நவம்பர் 9

செலி,

எதிர்த்தரப்பு பிடிவாதக்காரன் என்று அவனே சொன்னானா? அறிவு வந்திருக்கிறது.

இதோ, தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "மகபாங் கரையில் உள்ள என் வீட்டை ஊரார் தூக்கி, மேலே பலாமரத்தருகே எனக்குள்ள மனையில் வைக்கலாம். ப்ரீமித்திவா." இவ்வளவுதான். தயவுசெய்து என்றெல்லாம் எழுத மாட்டேன். இதை டீச்சர் கையில் கொடு, டீச்சர் அவனிடம் கொடுக்கட்டும். நீ நடுவில் வராதே.

நான் வர மாட்டேன். தூக்குபவர்களுக்கு வீட்டுக்காரிதான் சாப்பாடு போட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஒரு தடவை சமைத்து வைத்துக் காத்திருந்தது போதும்.

தூக்கும் முன்னால் அடுப்புக் கல்லை எடுத்துவிடச் சொல். சாமி படத்தை நீ கையில் எடுத்துக்கொள். வாசல் கடலைப் பார்த்து இருக்க வேண்டும். காற்று அந்தப் பக்கம்தான்.

அத்தை


மகபாங்
நவம்பர் 16

அன்புள்ள அத்தைக்கு,

நடந்ததைச் சொல்லப் பயமாக இருக்கிறது. ஆனாலும் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நான் சொல்வது நல்லது.

உங்கள் தாளைப் பார்த்ததும் அப்பா இரண்டு தடவை படித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மறுநாளே ஆள் சொல்லி அனுப்பினார். நேற்றுக் காலை தூக்குவது என்று முடிவாயிற்று. தூண்களைச் சுற்றித் தோண்டி, நீள மூங்கில்களை அடியில் கொடுத்துக் கட்டினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வந்தவர்கள் அப்பா பக்கத்து ஆட்கள் மட்டும்தான்.

உங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் காவுதென்சியோ கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்பா போய்க் கூப்பிட்டார்.

"வாங்கப்பா, நாலு தோள் குறையுது."

காவுதென்சியோ வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார், "கப்பித்தான், பாதி ஓட்டுல ஜெயிச்சா பாதி வீட்டைத்தான் தூக்க முடியும்."

"பாதியே தூக்குறேன். மீதியில நீ குடியிரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் உங்கள் வீடு என்றும் பார்க்கவில்லை, அப்பா கூப்பிட்டார் என்பதைத்தான் பார்த்தார்கள்.

அப்பா குரல் கொடுத்தார், தூக்கினார்கள். மலைப் பக்கம் எழுந்தது, கடல் பக்கம் எழவில்லை. வீடு சாய்ந்தது. ஒரு மூங்கில் வெடித்துப் பிளந்தது. நான் சாமி படத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டேன். அப்பா ஓடிப்போய் அந்த மூலைக்குத் தோள் கொடுத்து, மெல்ல மெல்ல இறக்க வைத்தார். வீடு இப்போது பழைய இடத்தில்தான், ஆனால் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது. தூண்கள் மண்ணில் இல்லை, சும்மா மேலே வைத்தது போல இருக்கின்றன. இந்தப் பௌர்ணமிக்கே தண்ணீர் படிக்கட்டைத் தொட்டது. அடுத்த பௌர்ணமிக்குள் நகர்த்தாவிட்டால் தானே மிதந்து போய்விடும் என்று இலாரியோ சொல்கிறார்.

இன்னொன்று. நான் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

ராத்திரி அப்பா தோளில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். தோல் உரிந்து சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் கேட்டுவிட்டேன், "அப்பா, அன்னிக்கி ராத்திரி அத்தை கோழிக் குழம்பு வெச்சிருந்தாங்களே, நீங்க ஏன் போகலை?"

அப்பா திரும்பிப் பார்த்தார். "யார் சொன்னா உனக்கு?"

"வாசனை வந்துச்சு" என்று சொன்னேன். மே மாதத்து வாசனை.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போனேன். அந்தக் கூட்டத்தை அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பி விட்டுட்டு, மாலையைக் கழட்டி வேலியில மாட்டிட்டுப் போனேன். படி வரைக்கும் போனேன். விளக்கு அணைஞ்சிருந்துச்சு. தூங்குறவங்களை எழுப்பி, நான் ஜெயிச்சுட்டேன் சோறு போடுன்னு கேக்க முடியுமா? திரும்பிட்டேன். மறுநாள் பேசலாம்னு பார்த்தா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அத்தை, இதை உங்களிடம் சொல்லச் சொல்லி அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செலி


டவுன்
நவம்பர் 19

செலி,

விளக்கை அணைத்தது நான்தான். நான் தூங்கவில்லை. தகரச் சத்தம் போகிற வரைக்கும் விளக்கோடுதான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அழுகை வந்தது. அழுவது வெளியே தெரியக் கூடாது என்று அணைத்தேன். படியில் யாரோ நிற்பது போல இருந்தது. நாய் என்று நினைத்தேன்.

ஆறு மாதமாக நாய் என்றே நினைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை முதல் படகில் வருகிறேன். உன் அப்பாவிடம் சொல்லாதே. ஊர் மண்டபத்தில் இருக்கும் பெரிய அண்டாவை டீச்சரை விட்டுக் கேட்டு வாங்கு. எதற்கு என்று கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லட்டும். இஞ்சி அங்கே கிடைக்கும். கோழி நான் கொண்டு வருகிறேன். பப்பாளி காயாக இருக்க வேண்டும், செங்காய் எடுத்துவிடாதே.

காவுதென்சியோவிடம் நீ ஒன்றும் பேசாதே. அவனிடம் பேச வேண்டியது என் வேலை. எனக்கு ஓட்டுப் போட்டவன் என்பதற்காக என் வீட்டைக் கடலில் விடுவானாம். நல்ல ஆதரவாளன்.

அத்தை


சான் ரோமுவால்தோ டவுன்
1998 ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

உயர்நிலைப் பள்ளியில் முதல் வாரம் முடிந்தது. நீங்கள் இருந்த அறையில்தான் படுக்கிறேன். சாப்பாட்டுக் கடைக்கார அம்மா உங்களைப் பற்றி ஒரு நாளைக்கு மூன்று தடவை பேசுகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விளக்குப் போடக் கூடாது என்று சட்டம். ஆகவே இந்தக் கடிதத்தையும் போர்வைக்குள் டார்ச் வைத்துத்தான் எழுதுகிறேன். இங்கேயும் பயம்தான், ஆனால் இது சின்னப் பயம்.

முதல் நாள் எல்லோரும் எழுந்து தங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். இந்த நகராட்சியில் எத்தனை ஊர், அதில் எந்த ஊர் தீவு, எது மலை, எந்த ஊருக்கு எந்தப் புனிதர் திருவிழா என்று ஆளாளுக்கு ஒப்பித்தார்கள். என் முறை வந்தது. மகபாங் சின்ன ஊர், கரண்ட் சாயங்காலம் மட்டும், ஊர் மண்டபத்துக்குக் கூரை பாதி தகரம் பாதி ஓலை என்றெல்லாம் சொன்னேன். ஒரு பையன், "உங்க ஊர்லதானே கப்பித்தானைத் தொப்பியில இருந்து எடுத்தாங்க?" என்றான். வகுப்பே சிரித்தது.

நான் "ஆமா, எடுத்தது நான்தான்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு முழுக்கதையும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சொல்லும்போதுதான் தெரிந்தது, உங்களுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை என்று. அப்போது எல்லாம் ஒரே நாளில் நடந்து முடிந்துவிட்டது. அதனால் இப்போது சொல்கிறேன்.

படகிலிருந்து இறங்கி வீட்டைப் பார்க்கக்கூட நிற்காமல் நேரே கடை வாசலுக்குப் போனீர்களே, அதற்கு நன்றி. "எனக்கு ஓட்டுப் போட்டவங்க எல்லாம் எந்திரிங்க. போடாதவங்க உக்காந்திருங்க" என்றீர்கள். பெஞ்சில் இருந்தவர்கள், பக்கத்தில் நின்றவர்கள், மீன் வலை சரி செய்துகொண்டிருந்த அப்பா பக்கத்து ஆட்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். நீங்கள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இத்தனை பேர் போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனே" என்றீர்கள். காவுதென்சியோ உட்படச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு அப்படியே கரைக்கு நடந்தார்கள்.

அப்பா உங்களைப் பார்த்ததும் கையில் இருந்த கயிற்றைக் கீழே விட்டார். "அக்கா, வந்துட்டீங்களா" என்றார். நீங்கள் "கயிறு நனையுது, எடு" என்றீர்கள். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நான் அதைத்தான் அதிக நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் அடுத்து நடந்தது. மேட்டில் ஏறும்போது பின்பக்கம்தான் கனம். யார் பின்னால் தோள் கொடுப்பது என்று இரண்டு பக்கமும் மறுபடி முறைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ "சீட்டுப் போடு" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நிம்ஃபா தன் அப்பா தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி, இரண்டு காகிதச் சுருளைப் போட்டுக்கொண்டு வந்து என்முன் நீட்டி, "எடு சீட்டு, நேரமாகுது" என்றாள். நீங்கள் என் பின்னால் நின்று மெல்லச் சொன்னீர்கள், "எது வந்தாலும் இன்னிக்கி எல்லாரும் சாப்பிடத்தான் போறாங்க. எடு."

எடுத்தேன். பின்பக்கம் அப்பா ஆட்களுக்கு வந்தது. அப்பா உரிந்த தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "இந்தக் கை எப்பவும் எனக்குன்னே எடுக்குது" என்று சிரித்தார். இப்போது என் கையைப் பார்த்தால் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்கிறது. அதற்கு நன்றி.

வீடு நடந்துபோனது போல இருந்தது. கூரை ஆடிக்கொண்டே மேட்டில் ஏறியது. அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன, எது எந்தப் பக்கத்துக் கால் என்று யாராலும் சொல்ல முடியாது.

பலாமரத்தடிக்கு வந்ததும் வீட்டைத் திருப்பியதுதான் குழப்பம். முன்னால் இருந்தவர்கள் இடது என்கிறார்கள், பின்னால் இருந்தவர்கள் வலது என்கிறார்கள், அப்பா நடுவில் நின்று கத்துகிறார், வீடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. இறக்கி வைத்துப் பார்த்தால் வாசல் கடலைப் பார்க்கவில்லை. நேரே எதிர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவைப் பார்க்கிறது. நீங்கள் கோபத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "நான் கடல் பக்கம்னு எழுதிக் குடுத்தேனே." அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே தூக்க முடியாது அக்கா, இருட்டிடும்" என்றார்.

அப்போது காலை பதினோரு மணி.

வாசலைத் திருப்பி வைத்தார்களா? மழை ஆரம்பிக்கும் முன்னால் செய்கிறேன் என்று அப்பா சொல்லியிருந்தாரே.

உங்கள் அன்புள்ள,
செலி


மகபாங்
ஜூன் 20

செலி,

டார்ச் வெளிச்சத்தில் எழுதாதே, கண் கெட்டுவிடும். கடைக்கார அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல், விளக்குப் போட விடுவாள்.

நன்றி எல்லாம் எனக்கு எதற்கு? நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் அந்தச் சந்தைக்குப் பின்னால் இஞ்சி நறுக்கிக்கொண்டு, படியில் நின்றது நாய் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நன்றி சொல்ல வேண்டியது யார் என்று உனக்கே தெரியும். எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. உலர்ந்த மீன் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன், புரிந்துகொள்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் இலாரியோ இங்கே சாப்பிட வந்தான். இரண்டு தம்ளர் தென்னங்கள்ளு உள்ளே போனதும் ஒரு விஷயத்தைக் கக்கிவிட்டான். உன் முதல் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனவன், பயந்துபோய் நேரே உன் அப்பாவிடம்தான் கொண்டுபோயிருக்கிறான். "கப்பித்தான், உங்க பொண்ணு குடுத்துச்சு, என்ன பண்ண?" என்று கேட்டானாம். உன் அப்பா உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தானாம். என் பெயர் அதில் இருந்ததே. பிரிக்கவில்லை. அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "நனையாம கொண்டு போ" என்றானாம். அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்துவிட்டிருக்கிறான். அந்தப் பைகள் எல்லாம் என் அரிசிப் பானையில் இருக்கின்றன. இலாரியோவின் அக்கறை என்று நினைத்திருந்தேன்.

இதை நான் உன் அப்பாவிடம் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. அவன் ரகசியம் அவனிடமே இருக்கட்டும். நமக்கு ஒன்று இருந்ததல்லவா?

வாசல் விஷயம். நீ பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு திருவிழாவுக்கு எல்லோரும் ஊரில் இருந்தபோது காவுதென்சியோவே வந்து கேட்டான், "அக்கா, ஆள் இருக்கு, அண்டா இருக்கு, வாசலைத் திருப்பிடலாமா?" இரண்டு பக்கத்து ஆட்களும் தோளில் துண்டோடு நின்றார்கள். உன் அப்பா அவன் வீட்டுப் படியில் உட்கார்ந்து வலை பின்னுவது போல நடித்துக்கொண்டிருந்தான். வலையில் ஒரு கண்கூட விழவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடல் காற்று எலும்புக்கு ஆகாது என்றேன்.

இப்போது மணி ஏழு. பப்பாளி போட்டுக் கோழி வைத்திருக்கிறேன். விளக்கு ஏற்றி வாசலில் வைத்திருக்கிறேன். எதிரே சமையலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. உன் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வருகிறான். வரும்போதே "மூடியைத் திறங்க, வாசனை போயிடும்" என்கிறான், அர்த்தமில்லாமல்.

நிறுத்துகிறேன்.

அத்தை